அலமாரியில் மிஞ்சிய சின்ன போன்கள்

போன் விற்கிற தொழிலில் இருப்பவருக்கு விடுமுறை நாள் கிடையாது, காதுகுத்து வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூடப் பக்கத்து இலைக்காரர் இடது கையால் தன் போனை நீட்டி, "இது நல்ல போன்தானே?" என்று கேட்பார்.

கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்று, கால் வலியை முகத்தில் காட்டாமல், "வேற கலர் காட்டட்டுமா சார்?" என்று ஒருமுறையாவது கேட்டவர் நீங்கள் என்றால் நாம் ஒரே இனம். பட்ட பாடு உங்களுக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கடையை நினைத்தால் எனக்கு இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. பிரிக்காத அட்டைப்பெட்டியின் வாசனை, மத்தியான வெயிலில் கண்ணாடி மேசை சுடுவது, எதிர்க்கடையிலிருந்து வரும் இஞ்சி டீ, அதைக் கொண்டுவந்து வைத்ததும் மறந்துபோய் ஆறவிடுவது. அந்தக் கடை இப்போது இல்லை என்று முகேஷ் சொன்னான். அந்த இடத்தில் மோமோ விற்கிறார்களாம்.

ஆர்.கே.புரத்தில் அரசுக் குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கும் ஒரு மார்க்கெட்டில் இருந்தது எங்கள் கடை. முதலாளி பாட்டியா ஜி. விற்பனைக்கு முகேஷும் நானும். முகேஷ் பீகாரிலிருந்து வந்தவன், என்னைவிட இரண்டு வருஷம் மூத்தவன், கல்லை வாங்க வந்தவரிடம் கூட போனை விற்றுவிடுவான். நான் பி.காம் முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரியை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் நான்தான் என்பதால், முகேஷ் என்னைக் "கலா மேடம்" என்றுதான் கூப்பிடுவான். மரியாதைக்கு இல்லை, கிண்டலுக்கு. தமிழ்க்காரர்கள் யார் வந்தாலும் என் பக்கம் அனுப்பிவிடுவார்கள்.

நான் சேர்ந்த வருஷம் அப்பா வேலை பார்த்த அலுவலக கான்டீனின் ஒப்பந்தம் வேறு ஆளுக்குப் போய்விட்டது. தீபாவளி முடிந்ததும் கள்ளக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊருக்கே திரும்பிப் போய், மாமாவோடு சேர்ந்து டிபன் கடை போடுவதென்று அப்பாவும் அம்மாவும் முடிவு செய்தார்கள். என் வேலை நிரந்தரமானால் நான் தில்லியிலேயே தோழிகளோடு அறை எடுத்துத் தங்கலாம். இல்லையென்றால் மூட்டைகளோடு மூட்டையாக நானும் ரயிலேற வேண்டும். அம்மா போட்ட நிபந்தனை இது. டிபன் கடை வேலையில் எனக்குக் கேவலம் எதுவும் இல்லை. ஆனால் நான் பிறந்ததும் படித்ததும் தில்லி. அதை விட்டுப் போக மனசில்லை.

பாட்டியா ஜி போட்ட நிபந்தனை வேறு. கடையின் பின்சுவரில் ஓர் அலமாரி இருந்தது. அதில் இருந்ததெல்லாம் பழைய மாடல் போன்கள். பெட்டி பிரிக்காதவை, புதியவை, ஆனால் கம்பெனி எப்போதோ தயாரிப்பை நிறுத்திவிட்டது. எல்லாமே சின்னத் திரை. உள்ளங்கையில் மூடிக்கொள்ளலாம். அலமாரியின்மேல் "தள்ளுபடி" என்று இந்தியில் எழுதி ஒட்டியிருந்த காகிதமே மஞ்சளாகிவிட்டிருந்தது. பாட்டியா ஜி என்னை அந்த அலமாரிக்கு முன்னால் நிறுத்தி, "பேட்டா, தீபாவளிக்குள்ள இது காலியாகணும். இது காலியானா நீ பர்மனெண்ட்" என்றார். இந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். இனி வரும் இந்திப் பேச்சுக்கும் அப்படியே.

எனக்கு இரண்டு பயம். பொய் சொல்லப் பயம். உண்மையைச் சொன்னால் விற்காது என்ற பயம். இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் நின்றுதான் அந்த அலமாரியை விற்க ஆரம்பித்தேன்.

குனிந்து பாருங்கள் சார்

முதலில் சிக்கியவர் கிட்வாய் நகரில் குடியிருந்த ராமநாதன் சார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மேல்நிலை எழுத்தர். சட்டைப் பையில் ஒரு பேனா, ஒரு அடையாள அட்டை, மேலே முக்கால்வாசி வெளியே நீட்டிக்கொண்டு ஒரு பெரிய போன். அந்த போனின் திரை சிலந்தி வலை மாதிரி உடைந்திருந்தது. "ஃபைல் கட்டை எடுக்கக் குனிஞ்சேம்மா. நேரா தரையில போய் விழுந்துடுத்து. மூணாவது தடவை" என்றார். திரை மாற்ற என்ன ஆகும் என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

எனக்கு எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. அலமாரியிலிருந்து ஒரு சின்ன போனை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டு, "குனிஞ்சு பாருங்க சார்" என்றேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். முகேஷ் வாயைப் பொத்திக்கொண்டான். ராமநாதன் சார் மெல்லக் குனிந்தார். பேனா விழுந்தது. அடையாள அட்டை விழுந்தது. போன் பைக்குள்ளேயே அடியில் பத்திரமாக இருந்தது. இன்னொரு முறை, இந்தத் தடவை முழங்காலைத் தொடும் அளவுக்குக் குனிந்தார். அப்போதும் போன் விழவில்லை.

இந்த போனுக்கு இனிமேல் கம்பெனியிலிருந்து புது அப்டேட் வராது, 5ஜி கிடையாது, பேசவும் மெசேஜ் பார்க்கவும் போதும் என்றால் மட்டும் வாங்குங்கள், வங்கிக் கணக்கை இதில் வைக்காதீர்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அதற்குப் பிறகு அலமாரிப் பக்கம் வந்த ஒவ்வொருவரையும் குனிய வைத்தேன்; முகேஷ் அதற்கு "நமஸ்தே டெஸ்ட்" என்று பெயர் வைத்தான். அன்றைக்கு ராமநாதன் சார் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு முடித்து, நிமிர்ந்து, சட்டையைச் சரி செய்துகொண்டு சொன்னார்: "இத்தனை வருஷமா ஆபீசர் முன்னாடி குனிஞ்சுண்டுதான் இருக்கேன். இன்னிக்குத்தான்மா போன் கீழ விழாம குனிஞ்சிருக்கேன்."

சும்மா இருந்த பேட்டரி

ஜெசிந்தா சிஸ்டர் பக்கத்து மருத்துவமனையில் நர்ஸ். நாகர்கோவில்காரர். யூனிஃபார்ம் பைக்குள் அடங்குகிற போன் வேண்டும், பெரியதை வைத்தால் நோயாளியைத் தூக்கும்போது இடுப்பில் இடிக்கிறது என்று வந்தார். நமஸ்தே டெஸ்டைச் சிரிக்காமல் செய்தார். பாஸ். பணத்தை எடுக்கப் பையைத் திறந்தபோது என் மனசாட்சி இருமியது.

"சிஸ்டர், ஒண்ணு சொல்லணும். போன் புதுசுதான். ஆனா ரொம்ப நாளா பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கு. பயன்படுத்தாம வெச்சிருந்தாலும் பேட்டரிக்கு வயசாகும். புது மாடல் மாதிரி நாள் முழுக்கத் தாங்கும்னு நான் உறுதி சொல்ல முடியாது" என்றேன். முகேஷ் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். சிஸ்டர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து பணத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "சும்மா கெடந்தாலும் வயசு ஏறத்தான செய்யும் மக்ளே. எங்க வீட்டுக்காரரு கல்ஃப்ல இருந்து வந்த நாள்ல இருந்து அப்பிடித்தான் சோபாவுல கெடக்காரு, ரெண்டு மணிக்கூறுக்கு ஒருக்க சார்ஜ் வேணும் அவருக்கு. அவரையே வெச்சிருக்கேன், இத வெச்சிக்கிட மாட்டனா?"

தமிழ் மட்டுமே தெரிந்த போன்

இது என் தவறு. மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வந்த ஒரு மாமி, "போன்ல எல்லாம் தமிழ்லயே வருமா?" என்று கேட்டார். காட்டுவதற்காக ஒரு போனை எடுத்து மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். அமைப்புகள், தொடர்புகள், படத்தொகுப்பு என்று எல்லாம் தமிழில் வந்தது. மாமி ஆசையாகப் பார்த்துவிட்டு, "ஆத்துல பசங்களுக்குத் தமிழ் படிக்க வராதுடி. ஏதாவது ரிப்பேர்னா யாருக்கும் ஒண்ணும் புரியாது" என்று வைத்துவிட்டுப் போய்விட்டார். நானும் அப்படியே பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். மொழியை மாற்ற மறந்துவிட்டேன்.

அடுத்த நாள் எனக்கு வார விடுமுறை. அன்றைக்கு முகேஷ் அந்த போனை ஹரியானாவிலிருந்து பால் கொண்டுவருகிற ஒரு பெரியவருக்கு விற்றுவிட்டான். மத்தியானத்துக்குள் அவர் திரும்பி வந்துவிட்டார். முகேஷ் எனக்கு போன் செய்தான். "மேடம், இங்க எல்லாமே ஜிலேபியா இருக்கு. எந்த ஜிலேபியை அழுத்தணும்?" நான் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டே வழி சொன்னேன். பல்சக்கரப் படத்தை அழுத்து. கீழே போ. இன்னும் கீழே. உருண்டை உலகம் மாதிரி படம் இருக்கிறதா பார். அவன் எதையோ அழுத்த, டார்ச் எரிந்தது. இன்னொன்றை அழுத்த, எழுத்தெல்லாம் மூன்று மடங்கு பெரியதானது. "இப்ப ஒரே ஒரு ஜிலேபிதான் ஸ்க்ரீன்ல இருக்கு மேடம்" என்றான் அழாக்குறையாக. கடைசியில் நானே துணியைப் போட்டது போட்டபடி விட்டு ஆட்டோ பிடித்துக் கடைக்கு ஓடினேன்.

இந்திக்கு மாற்றிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். பெரியவர் கோபப்படவில்லை. தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "பரவாயில்ல பேட்டா. வீட்ல பொண்டாட்டி என் பேச்சைக் கேக்கமாட்டா, பையன் கேக்கமாட்டான், எருமையும் கேக்காது. ஆனா அதுங்கல்லாம் இந்தியிலதான் கேக்காது. இது புதுசா இருந்துச்சு, அதான் பயந்துட்டேன்."

கவர்

பழைய மாடலுக்குக் கவர் கிடைக்காது, திரைக்கு ஒட்டும் கண்ணாடியும் கிடைக்காது. இதையும் வருகிறவர்களிடம் சொல்லிவிடுவது என் வழக்கம். துணை ராணுவத்தில் இருந்த தேனிக்காரர் ஒருவரிடம் சொன்னேன். மற்றவர்கள் இந்த இடத்தில்தான் "அச்சா, யோசிச்சுட்டு வரேன்" என்று நழுவுவார்கள். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துக் கேட்டார்: "கவர் போட்டா அது பெரிய போனாகிருமே தங்கச்சி. பெறகு சின்னத எதுக்கு வாங்கணும்?"

குறைத்துப் பார்க்க வந்தவன்

ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பையன் ஒருவன், விக்னேஷ். பெற்றோர் கும்பகோணம், அவன் பிறந்தது இங்கே. தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பான். நாள் முழுக்க போனையே பார்க்கிறேன், திரை சின்னதாக இருந்தால் குறையும் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்திருந்தான். இது எனக்கு உறுதியாகத் தெரியாத விஷயம் என்பதால் தெரியாது என்றே சொன்னேன். "நோ டென்ஷன், ட்ரை பண்றேன்" என்று வாங்கிக்கொண்டு போனான்.

கொஞ்ச நாள் கழித்து மார்க்கெட்டில் கோல்கப்பா என்கிற பானிபூரி தின்னும் இடத்தில் பார்த்தேன். ஒரு கையில் தொன்னை. இன்னொரு கையில் அதே சின்ன போன். கண்ணுக்கு மிக அருகில் பிடித்திருந்தான். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கண்ணை எடுக்காமலே சொன்னான்: "போன் மஸ்த் ஹை, அக்கா. முன்னாடி ரெண்டு கையால பார்ப்பேன், திங்கறதுக்காகவாவது கீழ வைப்பேன். இப்ப ஒரு கை ஃப்ரீ ஆயிடுச்சுல்ல, வைக்கறதே இல்ல."

வேண்டாம் என்ற நாள்

அலமாரி முக்கால்வாசி காலியாகிவிட்டது. தீபாவளி நெருங்கிவிட்டது. மார்க்கெட்டில் சீரியல் விளக்குகள் தொங்க ஆரம்பித்தன. வீட்டில் அம்மா பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கியிருந்தாள். ரயில் டிக்கெட் எத்தனை பேருக்கு எடுப்பது என்று அப்பா என்னைக் கேட்கவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்க வாயெடுத்துவிட்டு வேறு ஏதாவது பேசுவார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் சுந்தரம் சார் வந்தார். பெரிய அதிகாரி, பக்கத்துக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அலமாரியில் மிச்சம் இருப்பது அத்தனையும் வேண்டும் என்றார். "எங்க பிளாக்ல சமைக்கறவா, வீடு பெருக்கறவா எல்லாருக்கும் தீபாவளிக்கு ஆளுக்கொரு போன் குடுக்கலாம்னு பேசியிருக்கோம். இனிமே சம்பளத்தை நேரா போன்ல போட்டுடலாம் பாரு. அவாளுக்கும் சௌகரியம்" என்றார். நல்ல மனிதர். முகேஷ் ஏற்கெனவே பெட்டிகளைத் துடைத்து அடுக்க ஆரம்பித்துவிட்டான். பாட்டியா ஜி தன் நாற்காலியிலிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

என் அம்மா அந்தக் குடியிருப்புகளில்தான் சமையல் வேலை செய்தாள். இந்த போன்கள் யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். பணம் அனுப்பும் செயலிகள் பழைய போன்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டிருந்தன. இன்றைக்கு வேலை செய்யும். ஒருநாள் காலையில் திறந்தால் திறக்காது. சம்பளம் உள்ளே இருக்கும், ஆள் வெளியே நிற்பாள். பாதுகாப்பு அப்டேட்டும் கிடையாது. சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு சொன்னேன். "சார், பேசறதுக்குன்னா குடுங்க. சம்பளம் போடறதுக்குன்னா இது வேண்டாம் சார். ரொம்ப நாள் ஓடாது." சுந்தரம் சார் எடுத்த பர்ஸைத் திரும்பப் பைக்குள் வைத்தார். "அப்படியாம்மா? நல்லவேளை சொன்னே" என்று சொல்லிவிட்டு, வேறு ஏதாவது யோசிப்பதாகச் சொல்லிப் படி இறங்கிப் போய்விட்டார். பாட்டியா ஜி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைத்தபடி சொன்னார்: "உண்மை பேசறது நல்ல பழக்கம் பேட்டா, நானும் பேசுவேன். ஆனா கஸ்டமர் கடைசிப் படியை இறங்கின பிறகு பேசுவேன்."

அலமாரி பாடிய மத்தியானம்

அதற்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் அந்த அலமாரிப் பக்கம் யாரும் வரவில்லை. வீட்டில், டிக்கெட் மூன்று பேருக்கே எடுத்துவிடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா என் கல்லூரிப் புத்தகங்களை ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கினாள்.

பத்மா டீச்சர் வந்தது அதற்கு மறுநாள். ஆர்.கே.புரத்தில் தமிழ்க் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லித்தருகிறவர். தன் போனுக்கு இயர்போன் வாங்க வந்தார். ஒயர் வைத்தது வேண்டும் என்றார். புது போன்களில் ஒயர் செருகும் ஓட்டையே இல்லை என்று அலுத்துக்கொண்டார். இந்த அலமாரியில் இருப்பவை எல்லாவற்றிலும் அந்த ஓட்டை இருக்கிறது என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். டீச்சர் ஒரு போனைக் கையில் எடுத்தார். "சிம் போடாம இதுல சுருதி ஓடுமோ?" என்று கேட்டார். தம்பூரா மாதிரி சுருதி கொடுக்கும் செயலி ஒன்றைச் சொன்னார். கடையின் இணையத்தில் இறக்கி, இணையத்தைத் துண்டித்துவிட்டு ஓடவிட்டேன். ஓடியது. நின்று நிதானமாக ஓடியது.

டீச்சருடைய பிரச்சினை இதுதான்: வீட்டில் சாதகம் செய்யச் சொல்லி அனுப்பினால், குழந்தைகள் சுருதிக்காக அப்பா அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள், பத்து நிமிஷத்தில் அறைக்குள்ளிருந்து கார் பந்தயச் சத்தம் வருகிறது. சிம் இல்லாத, இணையம் இல்லாத, சின்ன போன் ஒன்று சுருதிக்கென்றே இருந்தால் போதும். நான் வழக்கம்போல எல்லாக் குறைகளையும் சொன்னேன். அப்டேட் வராது டீச்சர். "சுருதிக்கு என்னத்துக்கு அப்டேட்?" பேட்டரி நாள் முழுக்க நிற்காது. "அதுக்கு முன்னாடி குழந்தை நின்னுடும்." பணம் அனுப்ப முடியாது. "ரொம்ப நல்லது." வாழ்க்கையில் முதல்முறையாக, நான் சொன்ன ஒவ்வொரு குறையும் ஒருவருக்குச் சிறப்பாகப் பட்டதைப் பார்த்தேன். டீச்சர் அன்றைக்கு ஒன்றை வாங்கிப் போனார். அதைக் கேட்டுப் பெற்றோர்கள் வர ஆரம்பித்தார்கள்.

தீபாவளிக்கு முன்னால் வரும் தனத்திரயோதசி அன்று தில்லியில் ஏதாவது புதியதாக வாங்கியே ஆக வேண்டும் என்று எல்லோரும் கடைக்கு வருவார்கள். அன்றைக்கு மிச்சம் இருந்த அத்தனை போன்களுக்கும் ஆள் சொல்லியாகிவிட்டது. வந்து எடுத்துப் போவதற்குள் செயலியைப் போட்டு, எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்து ஒரே நேரத்தில் ஓடவிட்டுச் சோதித்தேன். கடை முழுக்க ஒரே ரீங்காரம். பாட்டியா ஜி கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்தினார்கள். சார்ஜர் வாங்க வந்த ஒரு சர்தார் ஜி வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கையைக் கூப்பிக்கொண்டு மேசை வரைக்கும் வந்தவர், போன்களைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடி போன்களைப் பார்த்து முகேஷிடம் கேட்டார்: "பாய் சாப், சார்ஜர் இப்ப கேக்கலாமா, இல்ல ஆரத்தி முடிஞ்ச பிறகா?"

நிரந்தரம்

அன்று சாயங்காலம் அலமாரி காலி. பலகையில் பெட்டிகள் இருந்த இடமெல்லாம் சதுரம் சதுரமாகத் தூசு இல்லாமல் தெரிந்தது. அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருக்க வேண்டும். ஆனால் கொஞ்சம் வெறுமையாகத்தான் இருந்தது. பாட்டியா ஜி வந்து பார்த்தார். பலகையை விரலால் தடவிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை கடைக்குப் போனால் வாசலில் ஒரு சரக்கு ஆட்டோ. முகேஷ் அதிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். மொத்தச் சந்தையில் எவரும் சீந்தாத பழைய மாடல்கள். எல்லாம் சின்னத் திரை. சில, நாங்கள் விற்று முடித்தவற்றைவிடவும் பழையவை. அலமாரி நிரம்பி, மேலேயும் அடுக்கியாகிவிட்டது. பாட்டியா ஜி அவற்றை ஒரு தகப்பனைப் போலப் பார்த்துக்கொண்டு, ஆட்டோக்காரரிடம் "வாங்கறதுக்கு ஆளே இல்ல, எல்லாத்தையும் நானே எடுத்துட்டேன். எங்க கடையில கலா இருக்கால்ல" என்றார். அதுதான் என் நியமன உத்தரவு.

அன்று மத்தியானமே அப்பாவுக்குப் போன் செய்து ஒரு டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னேன். மறுமுனையில் அம்மா போனைப் பிடுங்கி, "நெசமாத்தான் சொல்றியா? எழுதிக் குடுத்தாங்களா?" என்று கேட்டாள். எழுதிக் கொடுக்கவில்லை, ஆனால் சரக்கு வந்து இறங்கிவிட்டது என்றேன். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அந்தக் கடையில் இருந்தேன். பிறகு நொய்டாவில் ஓர் அலுவலகத்துக்கு மாறினேன். இப்போது என் மேசையில் ஏ.சி. காற்று வருகிறது, இஞ்சி டீ வருவதில்லை. பேச்சுக்குப் பதிலாக ஈமெயில் வருகிறது. யாரையும் குனியச் சொல்ல முடியாது.

அன்றைக்கு நான் போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்ததை முகேஷ் பார்த்துவிட்டான். கையிலிருந்த பெட்டியை என் முன்னால் வைத்து, அதன்மேல் இன்னொன்றை வைத்து, அதன்மேல் மூன்றாவதையும் வைத்துவிட்டுச் சொன்னான்: "முபாரக் ஹோ, கலா மேடம். தில்லியில இருக்கணும்னு ஆசைப்பட்டீங்கல்ல? இதையெல்லாம் வித்து முடிக்கற வரைக்கும் உங்களைத் தில்லியை விட்டு யாராலும் அனுப்ப முடியாது."

ஆகவே, தள்ளுபடியில் பழைய சின்ன போன் வாங்கலாமா என்று இன்றைக்கும் பந்தியில் யாராவது கேட்டால், அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று முதலில் கேட்கிறேன்; "ஒரே ஒரு வேலைக்குத்தான்" என்றால் தைரியமாக வாங்கச் சொல்கிறேன், "எல்லாத்துக்கும்தான்" என்றால் பாயசம் வருகிறது பாருங்கள் என்று பேச்சை மாற்றிவிடுகிறேன்.